ரத்து என்று எழுதக்கூடாது

"ரத்துன்னு மட்டும் எழுதிடாதே ஸவாவி. மந்திரி வர்ற ஓட்டம். என் மானமே போயிடும்."

தொலைபேசியில் பேசியவர் நகராண்மைக் கழகச் செயலாளர் துவான் முஸ்தபா. கூட்டத்துக்காகக் கோலாலம்பூர் போயிருந்தார். அங்கே நல்ல வெயிலாம்.

கிளந்தானில் எட்டு நாளாக மழை. மறுநாள் வெள்ளிக்கிழமைக் காலை பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் தொடங்கவேண்டிய ஆற்றோரத் திடலில் கால்பந்துக் கோல்கம்பத்தின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது.

"அறிவிப்புல வேற என்ன எழுதறது, துவான்?"

"பிண்டான்னு எழுது. ஓட்டம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பிண்டா."

பிண்டா என்றால் இடம் மாறுவது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மாவட்ட அலுவலக வண்டி ஒலிபெருக்கியில் கத்துகிற சொல்லும் அதுதான். "மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பிண்டா!" ஒருவரும் அசையமாட்டார்கள். வாசலில் தூண்டில் போட்டபடி வண்டிக்குக் கையசைப்பார்கள். நேற்றும் அதுதான் நடந்தது.

ஸவாவி பதினோரு வருடமாகத் தற்காலிகக் குமாஸ்தா. இந்த ஓட்டம் நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம் என்று துவான் வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்து வேளைத் தொழுகையிலும் ஸவாவி கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். எழுதினார். பிண்டா.

பிறகு மனம் உறுத்தவே, வீட்டுக்கு அழைத்து மனைவியிடம் பேசினார்.

"ரொஹானி, உன்கிட்ட மட்டும் சொல்றேன். ஓட்டம் ரத்துதான். வெளிய சொல்லிடாதே. நான் பள்ளிக்கூடத்துலயே தங்கணும்."

"அப்ப ஓடறதுக்குன்னு வாங்கின என் புதுச் சப்பாத்து?"

"அடுத்த வருஷம் ஓடு. இந்த மழையில எங்கயும் போகாதே. நம்ம வீடு உசரம்தானே."

"சரி அபாங். நீங்க சொன்னா சரி."

மூன்று மணிக்குத் துவான் மறுபடி அழைத்தார்.

"எத்தனை பேர் வருவாங்க?"

"இந்த மழையில பத்துப் பேர் வந்தாலே பெரிசு, துவான்."

"மந்திரி பத்துப் பேருக்கா கொடி அசைப்பார்? பேர் கொடுக்காதவங்களுக்கும் சட்டை உண்டுன்னு சொல்லு."

ஸவாவி வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கிளம்பினார். சட்டை என்றதும் ஆற்றங்கரையின் நாலு கிராமங்களிலும் சிலர் தூண்டிலைக் கீழே வைத்தார்கள்.

"சாப்பாடு உண்டா, போக் வீ?" ஊரில் எல்லோருக்கும் அவர் போக் வீதான்.

"உண்டு."

"குலுக்கல்?"

துவானைக் கேட்டார். "மோட்டார் சைக்கிள்னு சொல்லு. அப்புறம் பாத்துக்கலாம்."

"மோட்டார் சைக்கிள்!" என்று கத்தினார் ஸவாவி. இல்லாத வண்டியைச் சொல்லும்போது நாக்கு கூசியது. யாரும் வராமல் இருந்தாலாவது பாவம் குறையும் என்று நினைத்து ஒரு நிபந்தனை சேர்த்தார்: "குடும்பத்தோட நேர்ல வந்தாத்தான்! ஒரு ஆள் குறைஞ்சாலும் சீட்டு செல்லாது!"

மறுநாள் விடியும்போதே பள்ளிக்கூட வாசலில் கூட்டம் நெரிந்தது. இரண்டாயிரம் பேர். சக்கர நாற்காலியில் ஒருவர், பிறந்து பன்னிரண்டு நாளான ஒரு குழந்தை, கூண்டோடு ஒரு புறா. ஒரு ஆள் குறைந்தால் சீட்டு செல்லாதே!

சட்டை முந்நூறுதான் இருந்தது.

"என் சட்டை எங்கே?" என்று சண்டைக்கு வந்தாள் சோற்றுக் கடைக்கார மெக் தோம்.

"தீந்துபோச்சு, மெக்."

"மோட்டார் சைக்கிளாவது இருக்கா, அதுவும் நீந்திப் போயிடுச்சா?"

பத்து மணிக்கு ஊருக்கு வரும் பாலம் மூழ்கியது. துவானிடமிருந்து அழைப்பு.

"மந்திரி வரலை. ரத்துன்னு சொல்லிடு."

"இப்பவா, துவான்? இரண்டாயிரம் பேர் இருக்காங்க!"

"உன்னை யார் கூட்டச் சொன்னது? மோட்டார் சைக்கிள்னு ஊரை ஏமாத்தினியாமே. எனக்கு எதுவும் தெரியாது. வெள்ளி, சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நீ வேலைக்கு வரவேணாம்."

ஸவாவி மேடையேறி உண்மையைச் சொன்னார். மோட்டார் சைக்கிள் இல்லை, ஓட்டம் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. யாரோ செருப்பை எறிந்தார்கள். அது ஒற்றைச் செருப்பாக இருந்ததால் எறிந்தவரே வந்து எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டம் திட்டித் தீர்த்து ஓய்ந்ததும், நனைந்து உட்கார்ந்திருந்தவரிடம் மெக் தோம் ஒரு குவளைக் கோப்பி நீட்டினாள். "குடி. பொய் சொன்ன வாய்க்கும் சூடு வேணும்."

அப்போது மீட்புப் படகுக்காரன் சுலைமி சொட்டச் சொட்ட உள்ளே வந்தான்.

"போக் வீ, என்ன மந்திரம் போட்டீங்க? விடிஞ்சப்புறம் கரை உடைஞ்சு நாலு கிராமமும் கூரை வரைக்கும் முழுகிப்போச்சு. வீடு வீடாத் தேடினோம், ஒரு ஆள் இல்லை. வருஷா வருஷம் நாங்க தொண்டை கிழியக் கத்துவோம், ஒரு பூனைகூட வராது."

ஸவாவி கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வேலை போனது அந்த நிமிடம் பெரிதாகத் தெரியவில்லை. "அல்ஹம்துலில்லா! ஒருத்தர்கூட மிச்சமில்லையே?"

சுலைமி தலையைச் சொறிந்தான்.

"ஒருத்தர் இருக்காங்க, போக் வீ. புதுச் சப்பாத்தை மடியில வச்சுக்கிட்டு உங்க வீட்டுக் கூரைமேல. படகைக் கொண்டுபோனா ஏறமாட்டேங்கறாங்க. 'பள்ளிக்கூடத்துல ஒண்ணும் கிடையாது, எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிட்டாரு'ங்கறாங்க!"