பட்டத்து மரம் சாய்ந்த கதை

ஜெர்மனிப் பக்கம் ஒரு காட்டில், காலை நடையிலேயே சுற்றி முடித்துவிடலாம் என்கிற அளவில் ஒரு குட்டி ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவர் பதினேழாம் ஓட்டோ டியூக், ஒரு கரடிக்குட்டி. ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முத்திரை தொங்கியது நரியின் இடுப்பில். டியூக்குக்கு வயசு வரும்வரை நரிதான் ஆட்சிப் பொறுப்பாளர்.

வயசு வருவதற்கு அங்கே ஒரு வழக்கம். பழைய டியூக் செத்த அன்று ஒரு மரக்கன்று நடுவார்கள். பிள்ளை அதைவிட உயரமான அன்று பட்டம். கன்றும் வளரும் என்பது நட்டவர் ஒருவருக்கும் தோன்றவில்லை. நரி மட்டும் தவறாமல் தண்ணீர் ஊற்றிவந்தது.

எபர்ஹார்ட் என்ற காட்டுப்பன்றிக்கோ அவசரம். ஓக் தோப்பில் காய் பொறுக்கும் உரிமைச்சீட்டு அந்த மாதத்தோடு முடிகிறது. வீட்டில் ஒன்பது குட்டிகள். தோப்பு போனால் பனிக்காலத்தில் பட்டினி. நாலு நாள் வரிசையில் நின்று, மூன்று படிவம் நிரப்பி நரியிடம் நீட்டியது.

"காயில பாதி எனக்கு. இப்பவே முத்திரை," என்றது நரி.

"மூக்குத் தேயத் தேய முள்ளு கிளறி நான் சீர்பண்ணின தோப்புய்யா அது. கால் பங்கு தர்றேன், பேசாம வாங்கிக்க."

"பாதி. இல்லேன்னா டியூக் பெரியவரானதும் அவர்கிட்டயே கேட்டுக்க."

"கேட்டுக்கறேன்."

பன்றி நேரே பட்டத்து மரத்துக்குப் போனது. ஆத்திரம் தீர வேரைக் கிளறியது. பொழுது சாய்வதற்குள் மரம் சாய்ந்தது. டியூக்கை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தியது. படுத்த மரத்தைவிடப் பிள்ளை உயரம்தான், காடே பார்த்தது. நரி முத்திரையைக் கழற்றிக் கொடுத்தது.

"டியூக் ஐயா, என் தோப்புச் சீட்டு," என்று குழைந்தது பன்றி.

"தோப்புல என்ன இருக்கு?"

"ஓக் காய்ங்க."

"எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். எல்லாம் எனக்கு."

பன்றி அவசரமாகப் பேரத்துக்கு வந்தது. "பாதி எடுத்துக்குங்க ஐயா."

"பாதின்னா என்ன?"

பன்றி நரியின் பக்கம் திரும்பியது. "இத்தனை வருஷம் பிள்ளைக்கு என்னய்யா சொல்லிக்கொடுத்தே?"

"முத்திரை குத்த. அதை அழகா குத்துவார், பாரேன்."

அழகாகத்தான் குத்தினார். தோப்பு அரண்மனைக்குப் போனது.

நீதி: திருடனை விரட்டுமுன், அடுத்து வருபவருக்கு வகுத்தல் கணக்குத் தெரியுமா என்று விசாரித்துக்கொள்ளவும்.