கணினிக்கு ஒரு ஞானத்தகப்பன்

இருமல் இல்லாத மனிதன் ஒரு வாரத்தில் எத்தனை இருமல் மிட்டாய் வாங்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. புக்காபம்பா பள்ளிக்கூடத்தின் கணினி வாத்தியார் எலிசேயோ அந்த வரம்பைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. மருந்துக்கடை ஒதீலியா சிரிக்காமல் இன்னொரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

"இன்னும் சரியாகலையா வாத்தியாரே?"

"அப்பப்ப வருது," என்றான் எலிசேயோ. நம்பவைப்பதற்காக ஒருமுறை இருமியும் காட்டினான்.

ஒதீலியா கணவனை இழந்து மூன்று வருஷம். ஊரில் மனைவி இல்லாத ஆண்கள் எல்லோருக்கும் அந்த மூன்று வருஷமாக ஏதாவது ஒரு வியாதி இருந்துகொண்டே இருந்தது. மிருக வைத்தியர் தியோதோரோவுக்குத் தலைவலி. பத்திரம் எழுதும் நோட்டரிக்கு வாயு. பஸ் முதலாளிக்கு என்னவென்று அவருக்கே தெரியாது, ஆனால் தினமும் வந்தார். எலிசேயோவுக்கு மனதில் இருந்தது வாய்க்கு வரவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் உருளைக்கிழங்குதான்.

"கிழங்குத் திட்டத்துல நீங்களும் சேரலாமே," என்றான்.

மலைமேல் விளையும் காட்டுக் கிழங்குகளில் எது கருகல் நோயைத் தாங்கும் என்று தலைநகர் லீமாவில் ஒரு பல்கலைக்கழகம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கணினியால் ஆகிற கணக்கு இல்லை. அதைத் துண்டு துண்டாக நறுக்கி, வீடுகளில் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அனுப்புவார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கிற வேலை. புக்காபம்பாவில் தேர் இழுப்பதற்கு எலிசேயோவையும் சேர்த்து ஏழு பேர் இருந்தார்கள்.

"சனிக்கிழமை வந்து போட்டுக் குடுங்க," என்றாள் ஒதீலியா.

எலிசேயோ தரையில் நடக்காமல் வீடு போய்ச் சேர்ந்தான். அவள் கணினி சேர்ந்துவிட்டால் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று வாராவாரம் பார்க்கப் போகலாம். இரும வேண்டியதில்லை. போகப் போக, கிழங்கல்லாத விஷயம் ஒன்றையும் சொல்லிவிடலாம்.

வீட்டில் லீமாவின் மின்னஞ்சல் காத்திருந்தது. சான் ஹுவான் திருவிழாவுக்குள் ஊரில் நாற்பது கணினி சேராவிட்டால் புக்காபம்பாக் கிழங்குகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம். நீங்கள் தனியாக ஆள் சேர்த்தால் போதாது, ஏற்கனவே இருப்பவர்கள் ஆள் சேர்க்கும்படி அவர்களை உற்சாகப்படுத்துங்கள் என்று எழுதியிருந்தது. எப்படி என்று எழுதவில்லை.

எலிசேயோ முதலில் சான்றிதழ் அச்சடித்தான். அதை வாங்கியவர்கள் ஓட்டையான ஜன்னலை அடைக்க நல்ல கனமான காகிதம் என்று பாராட்டினார்கள். பிறகு ஒரு கூட்டம் போட்டு விளக்கினான். கணினி சும்மா இருக்கும்போது தானாக வேலை பார்க்கும் என்று சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, அப்படியானால் அது தன் மருமகனைவிட மேல், எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அன்று சேர்ந்தவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் காலை டோனா சந்தோசாவின் சூப்புக் கடையில் உட்கார்ந்து எலிசேயோ தன் குறையைச் சொன்னான்.

"காகிதத்துக்கு யாராவது ஆள் பிடிப்பாங்களா?" என்றாள் அவள், கோழிக்காலை அவன் கிண்ணத்தில் போட்டபடி. "இந்த ஊர்ல குழந்தைக்கு ஞானஸ்நானத்துல முன்னால நிக்க ஞானத்தகப்பன் உண்டு, கூரைக்கு உண்டு, பஸ்ஸுக்கு உண்டு. ஃபுட்பால் பனியனுக்குக்கூட உண்டு. உங்க கம்ப்யூட்டர் மட்டும் என்ன அநாதையா?"

எலிசேயோ கரண்டியைக் கீழே வைத்தான். யார் ஒரு புதுக் கணினியைத் திட்டத்தில் சேர்க்கிறாரோ அவர் அந்தக் கணினிக்கு ஞானத்தகப்பன். கணினியின் சொந்தக்காரரும் அவரும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. பெண்ணாக இருந்தால் கொமாத்ரே. செலவில்லாத பரிசு. லீமாவில் யாருக்கும் இது தோன்றியிருக்காது.

"ஆனா விளையாட்டுன்னு நினைச்சுடாதீங்க," என்று சந்தோசா விரல் மடக்கினாள். "கொம்பாத்ரே ஆயிட்டா கூடப்பொறந்த மாதிரி. எதுத்துப் பேசக் கூடாது. கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது. பேரம் பேசக் கூடாது. அப்புறம் முக்கியமா…"

பட்டியல் நீளமாக இருந்தது. மூன்றாவது விரலுக்குள் எலிசேயோவின் மனம் நாற்பதாவது கணினிக்குப் போய்விட்டது. மிச்சத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினான். அவன் லீமாக்காரன். ஆறு வருஷமாக இங்கே இருந்தாலும், என்றைக்கு இருந்தாலும் திரும்பிப் போகிற ஆள்தானே என்று அவனை யாரும் இதுவரை கொம்பாத்ரே ஆக்கியதில்லை.

அறிவிப்பு பள்ளிக்கூட வாசலில் ஒட்டப்பட்டது. ஊர் திரண்டு வந்து படித்தது.

சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனான். ஒதீலியா அவனை உட்காரச் சொல்லவில்லை.

"இப்ப உங்க மூலமாச் சேந்தா, நீங்கதான் ஞானத்தகப்பனா?"

"நானேதான்," என்றான் எலிசேயோ பெருமையாக.

அவள் கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்தாள். பிறகு அதற்கு உடம்பு சரியில்லை என்றாள். என்ன உடம்பு என்று கேட்டதற்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றாள். மருந்துக்கடைக்காரி சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது. எலிசேயோ ஒரு பொட்டலம் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

முதல் ஞானஸ்நானம் ரொட்டிக்கடையில் நடந்தது. ஊர் வழக்கப்படி சிச்சா நிரப்பிய சீசாவைக் கணினிக்கு மேலே தொங்கவிட்டார்கள். சீசாவைக் கட்டிய ரிப்பன் உத்தரத்தைச் சுற்றி வந்தது. அதன் மறுமுனையை வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, ஞானத்தகப்பன் சுத்தியலால் சீசாவை உடைத்தார். மூன்று லிட்டர் சோளக்கள்ளும் நேராக விசைப்பலகைக்குள் இறங்கியது. கணினி ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த வீட்டில் எலிசேயோ கணினியைப் பிளாஸ்டிக் தாளால் மூடச் சொன்னான். மூடினார்கள். விருந்து மூன்று நாள் நடந்ததால் திறக்க மறந்துவிட்டார்கள். உள்ளே கணக்குப் போட்டுப் போட்டு அது வெந்துபோனது. ஆள் சேரச் சேரக் கணினி குறைந்தது. கடைசியில் சீசாவை வாசல் நிலையில்தான் தொங்கவிட வேண்டும், கணினி உள்ளே இருக்கும், அதன்மேல் ஒரு சொட்டுத் தெளித்தால் போதும் என்று ஒரு விதி போட்டான். நனையாத ஞானஸ்நானம் செல்லுமா என்று ஊர் இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுச் செல்லும் என்றது.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. திட்டம் பிடித்துக்கொண்டது. பஸ் முதலாளியைக் கொம்பாத்ரே ஆக்கிக்கொண்டவர்கள் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறுத்தார்கள். வரப்புத் தகராறில் இருபது வருஷமாகக் கோர்ட்டுக்கு நடந்த இரண்டு குடும்பங்கள் கொம்பாத்ரே ஆனதில் நோட்டரிக்கு வருமானம் நின்றது. மேயர் தேர்தலை மனதில் வைத்துத் தெருத்தெருவாக ஆள் சேர்த்தார். கணினி இல்லாதவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் கால்குலேட்டரைக் கொண்டுவந்தார். இன்னொருவர் டிவிப் பெட்டிக்குப் பூ வைத்து, பேண்டு வாத்தியத்தோடு தூக்கிவந்தார். அது கணக்குப் போடாது என்றான் எலிசேயோ. நீங்க சொல்லிக் குடுத்தா போடும் என்றார் அவர்.

ஆகவே எலிசேயோ கடைசி விதியைப் போட்டான். ஞானத்தகப்பன் இல்லாமல் எந்த எந்திரமும் சேர முடியாது. ஒவ்வொரு எந்திரத்தையும் அவனே நேரில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

இரண்டு நாள் கழித்து ஒதீலியாவே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. எலிசேயோ நாற்காலியைத் துடைத்தான்.

"ஞானத்தகப்பனே இல்லாம சேர வழியே இல்லையா வாத்தியாரே?"

உலகத்தில் எதைக் கேட்டாலும் அவன் கொடுத்துவிடக்கூடியவள் ஒருத்திதான், அது அவள். ஆனால் விதி அவனுடையது, மை இன்னும் காயவில்லை.

"நானே போட்ட விதியை நானே மீறினா ஊர் என்ன சொல்லும்?"

"நீங்க ஊர்ல யாருக்கு வேணும்னாலும் ஆகிக்குங்க. எனக்கு மட்டும்…"

"உங்களுக்குத்தான் முதல்ல," என்றான் எலிசேயோ அவசரமாக. "உங்களுக்காகவே இதுவரைக்கும் யாருக்கும் ஆகாம இருக்கேன்."

ஒதீலியா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். லீமாவில் எல்லோருமே இப்படித்தானா என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக் கணினிக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் மிருக வைத்தியர் தியோதோரோ. காலையில் பூச்செண்டோடு கடைக்குப் போன மனிதர், சாயங்காலம் சுத்தியலோடு வாசலில் நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று எலிசேயோ நினைத்தான். மிருக வைத்தியர் உடைத்த சீசா அவன் நெஞ்சிலேயே உடைந்தது. எந்திரத்தைப் பார்த்துச் சரி சொல்லி, கையெழுத்தும் போட்டான்.

அதற்கடுத்த வாரம் அவள் வீட்டுக் கணினிக்குப் பஸ் முதலாளி. ஒரு பெண்ணுக்கு எதற்கு இத்தனை கணினி என்று எலிசேயோ வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தான். அவருடைய முகமும் வெளிறித்தான் இருந்தது. ஒதீலியா இரண்டு கொம்பாத்ரேக்களுக்கும் மிகுந்த பாசத்தோடு வறுத்த கினிப்பன்றி பரிமாறினாள். எலிசேயோவின் தட்டில் இரண்டு துண்டு அதிகமாக வைத்தாள். இரக்கப்பட்டு வைக்கிறாள் என்று நினைத்து அவன் அதைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளினான்.

அன்று முதல் அவனுக்கு உண்மையாகவே இருமல் பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்குப் போகவில்லை. வீட்டில் சரக்கு போதுமான அளவு இருந்தது. லீமாவுக்கே மாற்றல் கேட்டு எழுதிவிடுவது, திருவிழா முடிந்ததும் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தான்.

சான் ஹுவான் திருவிழாவுக்கு முந்தின நாள் கணக்கு முப்பத்தொன்பதில் நின்றது. நாற்பதாவது, ஒதீலியாவின் கணவர் விட்டுப்போன பழைய லேப்டாப். அவளே சொல்லி அனுப்பியிருந்தாள், நோட்டரிதான் ஞானத்தகப்பன் என்று. ஊரே மருந்துக்கடை வாசலில் நின்றது. பேண்டுக்காரர்கள் மூன்று தடவை அதே பாட்டை வாசித்தார்கள். நோட்டரி வரவில்லை. கால் வீங்கிவிட்டது, வாயு அங்கே இறங்கிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான்.

கூட்டம் முணுமுணுத்தது. மேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். இந்த ஊருக்காக இவ்வளவு பாடுபட்ட வாத்தியாருக்கு இதுவரை ஒரு கொம்பாத்ரேயும் இல்லை, இதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார் என்று ஐந்து நிமிஷம் பேசினார். பேசி முடித்துச் சுத்தியலை எலிசேயோவின் கையில் வைத்தார்.

பேண்டு நின்றது. டோனா சந்தோசா சிலுவை போட்டுக்கொண்டாள். எலிசேயோ ஒதீலியாவைப் பார்த்தான். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. கிழங்கும் பிழைத்தது, நானும் பிழைத்தேன் என்று அவனுக்குப் பட்டது. கொமாத்ரே என்றால் உறவுதானே, வாராவாரம் போகலாமே. இருமல்கூட நின்றுவிட்டது.

சுத்தியலை ஓங்கி அடித்தான். சீசா சட்டென்று மேலே போனது. சுத்தியல் காற்றைத்தான் அடித்தது.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. லீமாக்காரனுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது என்று யாராவது சொல்வதற்குள் மறுபடி ஓங்கினான். சீசா இன்னும் ஒரு முழம் மேலே போனது. எலிசேயோ ஒரு ஸ்டூல் கேட்டான். யாரும் கொடுக்கவில்லை. கடைக்குள்ளிருந்து ஒரு மருந்துப் பெட்டியைத் தானே இழுத்துப் போட்டு ஏறினான். சீசா நிலையில் இடிக்கிற அளவுக்கு மேலே போய், அங்கேயே நின்றது. அவன் நுனிக்காலில் எம்பிச் சுத்தியலை ஓங்கினான்.

யாரோ பின்னாலிருந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்கள். மிருக வைத்தியர்.

"விடுங்க டாக்டர். உங்களுக்குக் கிடைச்சது எனக்கும் கிடைக்கக் கூடாதா?"

தியோதோரோ கையை விடவில்லை. காய்ச்சல் கண்ட மாட்டைப் பார்க்கிற மாதிரி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிலைக்கு மேலாகச் சுற்றிக் கீழே இறங்கிய ரிப்பனைக் காட்டினார். அதன் மறுமுனை ஒதீலியாவின் இரண்டு கையிலும் இறுகச் சுற்றியிருந்தது. அவள் தன் முழுப் பலத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சுத்தியலை மேயர்கிட்ட குடுங்க வாத்தியாரே, அவருக்குப் பொண்டாட்டி இருக்கா," என்றார் மிருக வைத்தியர். "கொம்பாத்ரேயைக் கட்டிக்கிற முறை இந்த ஊர்ல கிடையாது, கட்டிக்கிறதுக்குன்னு அந்தம்மா மிச்சம் வச்சிருக்கிற ஒரே ஆம்பளை நீங்கதான்."