கொல்லைச் சரிவுக்குப் படி கட்டிய படலம்

வாழ்க அக்கோமகன்! பேனாவினும் கனத்த படைக்கலம் ஏந்தியறியாத பூங்கரத்தர், நாற்காலியில் அமர்ந்தபடியே கோப்புகளைக் கொன்று குவித்த கொற்றவர், தேநீர் வேளையை ஒருநாளும் தவறவிடாத திண்ணியர், காப்பீட்டு அலுவலகத் தலைமை எழுத்தர், இதோ அரைக்கால்சட்டை அணிந்து, கடப்பாரை ஏந்திக் கொல்லைப்புறம் புகுந்தார்!

பகைவன் யார்? பின்கதவிலிருந்து துணி காயும் கொடிவரை செங்குத்தாய் இறங்கும் மண்சரிவு. மழை பெய்தால் வழுக்கியும், பெய்யாவிட்டால் சறுக்கியும் விடும் வஞ்சகன். அவர்தம் இல்லத்தரசியை ஈரத்துணி வாளியோடு உருட்டிவிட்ட கயவன். அவள் இடுப்பில் கன்றிப்போன இடத்தைப் பார்த்தபோது எழுத்தருக்கு உண்மையாகவே நெஞ்சு பதறிவிட்டது.

“கொத்தனாரைக் கூப்பிடுங்க மாமா, உங்களுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது” என்றான் மைத்துனன்.

பதறிய நெஞ்சு விம்மிப் புடைத்தது. “என் கையால கட்டுற படியிலதான்டா உங்கக்கா இறங்குவா!” என்று திசை எட்டும் அதிரச் சூளுரைத்தார்.

மூண்டது பெரும்போர். கடப்பாரை பாய, கல் எதிர்க்க, பொறி பறக்க, முதுகு முனக, வெட்டிய மண்ணெல்லாம் வெட்டிய குழிக்கே மீள, கொப்புளங்கள் விழுப்புண்களாய் மலர, நண்பகலுக்குள் நாக்குத் தள்ளிய நம் கோமகன் ஓர் அரும்பெரும் வியூகம் வகுத்தார்: படிகள் குறைந்தால் பாடும் குறையுமன்றோ! ஆகவே தம் நெடிய காலை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ, அதுவே ஒரு படியின் உயரம் என ஆணையிட்டார். தூக்கிய காலின் உயரத்தை மைத்துனன் ஒரு குச்சியில் கோடிட்டுக் கொடுத்தான். அந்த அளவுக்கே செங்கல் எழுந்தது, சிமெண்டு படர்ந்தது.

எல்லாம் காய்ந்து இறுகிய நன்னாளில், கணவரின் தோளுக்கும் எட்டாத அரசி வாளியோடு எழுந்தருளினாள். காலைக் கீழே நீட்டினாள். எட்டவில்லை. வாளியை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் நீட்டினாள். பாதம் அந்தரத்தில் துழாவியது.

“என்னங்க, இது எனக்குக் கட்டினதா, யானைக்கா?”

மைத்துனன் அந்தப் பக்கம் திரும்பி நின்றான். அவன் தோள் மட்டும் குலுங்கியது. வெந்நீர் ஒத்தடமும் தைலமும் கொண்டு வென்றெடுத்த கோட்டையை எழுத்தர் மேலும் கீழும் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஆனா ஸ்ட்ராங்கா இருக்கும்” என்று முழங்கினார், கொஞ்சம் மெதுவாக.

அன்றிலிருந்து துணி காயப்போடுவது அவர் வேலை.