அந்தரத்தில் நின்ற திமிங்கிலம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்தத் திமிங்கிலத்தைத் தண்ணீருக்குள் இறக்கியே தீருவது என்று நிபுணர் சபதம் எடுத்தார். கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. வாய் நிறைய நுரை இருந்தது. ஆகையால் சபதத்தில் பாதி மனைவிக்குப் புரியவில்லை. மீதிப் பாதியை அவள் கவனிக்கவில்லை. மடியில் கிடந்த எட்டு மாதக் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிபுணர் என்பது அலுவலகம் வைத்த பெயர். ஒருநாள் பிரிண்டர் ஓடாமல் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கழன்று கிடந்த பிளக்கைக் கண்டுபிடித்துச் சொருகியவர் இவர்தான். அன்றிலிருந்து அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸின் பதினாறு கம்ப்யூட்டர்களுக்கும் இவரே வைத்தியர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் மனிதர் இப்போது திமிங்கிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரங்களுக்கு முன்னால் மேலாளர் ஒரு ஹெச்.டி. டிஸ்க்கை நீட்டினார். கடலைப் பற்றிய படம். "நம்ம வீட்டு டிவியில சூப்பரா ஓடுது. உங்க கம்ப்யூட்டர்ல ஓடுமாய்யா?"

"ஓடுமாவா? மேடத்தையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க சார். திமிங்கிலம் குதிக்கிற குதியில உங்க சட்டை நனையும்."

மேலாளர் காலண்டரைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிட்டார். நிபுணருக்கு அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது, வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த வகை டிஸ்க்கைப் போடும் டிரைவே கிடையாது என்று.

அதே வாரத்தில்தான் குழந்தைக்கு மூன்றாவது முறையாக இளைப்பு வந்தது. வெளியே விடாத மழை. வீட்டில் எந்தத் துணியைத் தொட்டாலும் தவளை முதுகைத் தொட்டதுபோல் சில்லென்றது. ஈரத்துணி குழந்தையின் உடம்பில் படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

"ஏங்க, துணி உலர்த்துற மெஷின் ஒண்ணு வாங்கிடலாமா? சின்னதா இருந்தாக்கூடப் போதும்."

"சூரியன்னு ஒண்ணு இருக்கே. அது இலவசம்தானே?"

"அது மூணு வாரமா லீவுல இருக்குங்க."

"லீவு முடிஞ்சா வந்துதானே ஆகணும்? நான் போகலையா ஆபீஸுக்கு?"

சொல்லிவிட்டு, அதை ரசித்து, தானே சிரித்தார். மறுநாள் புது டிரைவோடு வந்து இறங்கினார். "எல்லாம் பாப்பாவோட படிப்புக்குத்தான்" என்றார். பாப்பாவுக்கு அப்போது சரியாக உட்காரக்கூட வரவில்லை.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்.

முதல் இரண்டு நாள் படம் வெண்ணெயாக ஓடியது. மூன்றாம் நாள் நொண்ட ஆரம்பித்தது. திமிங்கிலம் கடலைப் பிளந்துகொண்டு எழும்பும். பாதி உயரத்தில், ஆபீஸ் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நிற்பதுபோல, அப்படியே நின்றுவிடும். விளக்கம் சொல்லும் குரல் மட்டும் முன்னால் போய், "இதோ, ஆழத்துக்குள் மறைகிறது" என்று உருகும். திமிங்கிலம் மறையாது. தொங்கும்.

வைத்தியம் ஆரம்பமானது. படம் காட்டும் சாஃப்ட்வேரை மாற்றினார். தொங்கியது. மெமரியைக் கூட்டினார். இன்னும் வசதியாகத் தொங்கியது.

"டிரைவரை மாத்தணும்" என்றார்.

"ஏன், இருக்கிற டிரைவர் குடிச்சிட்டு ஓட்டுறானா?"

"அது ஆள் இல்லடி. கிராஃபிக்ஸ் கார்டை வேலை வாங்குற சாஃப்ட்வேர்."

"உக்காந்த இடத்துலேர்ந்து வேலை வாங்குறதா? அதுக்குத்தான் வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே."

அவருக்குக் காது கேட்கவில்லை. திரையின் மூலையில் கம்ப்யூட்டரின் சூட்டை டிகிரி கணக்கில் காட்டும் ஒரு எண்ணைப் பொருத்திக்கொண்டிருந்தார். எண் எண்பதைத் தாண்டியது. "இது தப்பாக் காட்டுது" என்று தீர்ப்பு எழுதினார்.

இணையத்தில் முகம் தெரியாத வல்லுநர்களின் சபை ஒன்றில் முறையிட்டார். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. பெட்டியின் பின்பக்கம் காற்று வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள், அடைபட்டால் சூடேறும், சூடேறினால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கும்.

நிபுணருக்குச் சுருக்கென்றது. பிளக்கைச் சொருகினாயா என்று அவரையே கேட்பதா? ஆனாலும் பார்த்துவிடலாம் என்று ஒரு யோசனை. பெட்டியோ மேஜைக்கு அடியில், சுவரோரமாக இருந்தது. பார்க்க வேண்டுமானால் முட்டிபோட்டுத் தவழ வேண்டும். அந்த வீட்டில் முட்டிபோடும் வேலைகள் எல்லாம் மனைவியைச் சேர்ந்தவை.

"ஏய், பின்னாடி தூசி கீசி அடைச்சிருக்கான்னு பாரு."

அவள் குனிந்தாள். கொஞ்சம் அதிக நேரமே குனிந்திருந்தாள்.

"ஒரு பொட்டுத் தூசி இல்லைங்க."

அவள் பொய் சொல்லவில்லை. தூசி இல்லைதான்.

"என் வீட்டில் தூசிக்கு இடமில்லை" என்று சபைக்கு மிடுக்காகப் பதில் எழுதினார்.

இத்தனை தோல்வியிலும் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது. மனைவி மாறிவிட்டாள். முன்பெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவள், இப்போது அவர் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும் முன்பே கேட்டாள்: "இன்னிக்கு ஓட்டிப் பாக்கலையா?"

"டீ குடிச்சிட்டுப் பாக்கலாமே."

"டீ அங்கேயே கொண்டுவரேன். அந்த மீன் கூட்டம் வர்ற இடத்தைப் போடுங்க. அங்கதான் கம்ப்யூட்டருக்கு ரொம்ப மூச்சு வாங்குது."

உண்மைதான். ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நொடியில் திரும்பும் காட்சி. அதைத் திரையில் கொண்டுவர இயந்திரம் படாதபாடு படும். ஃபேன் அலறும். இதை அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாளே என்று நிபுணர் பூரித்துப்போனார். தன்னோடு வாழ்ந்து அறிவு வளர்ந்திருக்கிறது.

"எவ்வளவு காட்டுது? எண்பதா?"

"எண்பத்தாறு."

"நல்லது."

"என்ன நல்லது?"

"இல்ல, உன்னிப்பாக் கவனிக்கிறீங்கன்னு சொன்னேன்."

அவர் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொள்வார். அவள் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக்கொள்வாள். ஒரே அறையில் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எங்கே இழுக்கிறது, எங்கே திக்குகிறது என்று கேட்பார்கள். அவருக்கு ஒவ்வொரு நாளும் கேட்டது. அவளுக்கு அந்த வாரம் முழுக்கக் கேட்கவில்லை. ஒருநாள் அவள் காதை எடுக்காமலே கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் நனைந்தது. அவர் அதைத் தூக்கம் என்று நினைத்து, "இன்னொரு டீ போடேன்" என்றார்.

வெளியே மழை நிற்கவில்லை. ஆனால் உள்ளே, குழந்தையின் துணிகள் காய்ந்து, மடித்து, அலமாரியில் அடுக்கடுக்காக இருந்தன. இந்த இரண்டையும் நிபுணர் சேர்த்துப் பார்க்கவே இல்லை. துணி காய்வதெல்லாம் தானாக நடக்கும் காரியம், பொழுது விடிவதுபோல.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மேலாளரும் அவர் மனைவியும் வந்தார்கள். கடைசி முயற்சியாக நிபுணர் அன்று காலை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தார். விளக்கை அணைத்தார். திமிங்கிலம் எழும்பியது. நின்றது.

மேலாளர் முன்னால் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"இதுதான் முழுப் படமாய்யா?" என்றார் மேலாளர். "ஃபோட்டோன்னு சொல்லியிருந்தா ஆல்பத்துலயே பாத்திருப்பேனே."

"சார், அது வந்து... டிஸ்க்குல ஏதோ கீறல்..."

"என் டிஸ்க்குலயா?"

நிபுணருக்கு வேர்த்தது. பதினாறு கம்ப்யூட்டர்களும் கண்முன் வரிசையாக வந்து சிரித்தன.

போன வாரம்தான் தவழக் கற்றுக்கொண்ட குழந்தை இந்த நேரம் பார்த்து மேஜைக்கு அடியில் நுழைந்தது. எதையோ பிடித்து இழுத்தது. பொத்தென்று ஏதோ விழுந்தது. ஃபேனின் அலறல் மெல்ல அடங்கியது. மூலையில் இருந்த எண் எண்பத்தெட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கியது. திமிங்கிலம் அசைந்தது. பிறகு, மூன்று வாரக் களைப்போடு, வீடே அதிரக் கடலுக்குள் விழுந்தது.

மேலாளர் கைதட்டினார். நிபுணர் முதன்முறையாக முட்டிபோட்டார்.

மேஜையின் பின்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. அதில் பெட்டியின் பின்னால், காற்று வரும் வழிக்கு இரு பக்கமும், மூன்று நாப்பிகளும் ஒரு சின்னச் சட்டையும் தொங்கின. அந்த வழியை அடைத்துக்கொண்டிருந்த நான்காவது நாப்பி குழந்தையின் தலையில் முண்டாசுபோலக் கிடந்தது. அதை எடுத்தார். பிள்ளை பிறந்து எட்டு மாதத்தில் அவர் கையில் எடுத்த முதல் நாப்பி. கதகதவென்று இருந்தது.

"என்னம்மா இது?" என்று மேடமும் குனிந்து பார்த்தார்.

நிபுணர் வாயைத் திறப்பதற்குள் மனைவி பேசிவிட்டாள். குரலில் தேன்.

"மழையில துணி காயலைங்க மேடம். டாக்டர் ஈரத்துணியே கூடாதுன்னுட்டார். இவர்தான் யோசிச்சு இப்படி ஒரு வழி பண்ணிக்குடுத்தார். படம் திக்கினாத் திக்கட்டும், பிள்ளை நெஞ்சு திக்கக்கூடாதுன்னு."

மேடத்தின் கண் கலங்கியது. மேலாளர் எழுந்து வந்து நிபுணரின் தோளைத் தட்டினார். "சொல்லவே இல்லையேய்யா! நாளைக்கு மீட்டிங்ல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். அப்பான்னா இப்படி இருக்கணும்."

நாப்பியைக் கையில் பிடித்தபடி நிபுணர் சிரித்தார். வேறு என்ன செய்வார்?

விருந்தாளிகள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் கதவைச் சாத்தினார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. மூணு வாரத்துக்கு முன்னாடி. நீங்க சிரிச்சீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாளைக்கு மீட்டிங். அதற்குப் பிறகு அந்தக் கயிற்றை அவிழ்த்தால் ஆபீஸ் என்ன சொல்லும்? அவிழ்க்காவிட்டால் திமிங்கிலம் ஆயுசுக்கும் தொங்கும். ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவரே யோசித்துக் கண்டுபிடித்ததுபோல அதைச் சொன்னார்.

"சரி. நாளைக்கே உலர்த்துற மெஷின் வாங்கிடுறேன். போதுமா?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணிகளுக்கு அடியிலிருந்து கடைக்காரரின் நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். நான்காக மடித்தது. மடிப்பு நைந்துபோயிருந்தது. எந்த மெஷின் என்று பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

"வீடு முழுக்க அளந்து பாத்துட்டேங்க. வேற எங்கயும் பத்தல. உங்க மேஜை இருக்கிற இடம்தான் கச்சிதமா இருக்கு."

"மேஜையை எடுத்துட்டா? அப்போ நான் கடலை எங்கே பாக்குறது?"

அவள் கடைசி நாப்பியின் நான்கு முனைகளையும் சேர்த்து மடித்தாள்.

"கடல்னு ஒண்ணு இருக்கே. அது இலவசம்தானே?"