பழுதுக் காக்காவின் கோழித்தீன்

கல்முனைக் கரையோரத்தில் நல்ல அரிசியைப் பழித்துப் பேசுவதில் பழுதுக் காக்காவை வென்றவர் எவரும் இலர். புதுப்போகத்துச் சம்பாவை உள்ளங்கையில் ஏந்தி, முகர்ந்து, "பழுது" என்று அவர் முகஞ்சுளிக்கும்போது, விளைவித்தவனே ஒரு கணம் தன் வயலைச் சந்தேகிப்பான். அதனால்தான் அந்தப் பெயர்; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

மருதமுனையில் எங்கள் நலன்புரிச் சங்கத்தின் களஞ்சியத்துக்கு அவர் பொறுப்பாளர். நான் அங்கே கடிதம் எழுதுபவன். எங்கள் இடர் கொடுக்கப் பொருள் இல்லாமை அன்று. பெற ஆள் இல்லாமை. உழைத்தும் மாதக் கடைசியில் உலை வைக்கத் திணறுகிற குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. பெயர்ப் பட்டியலோடு போனால், "நாங்க உழைக்கிற ஆக்கள். ஏழைகளுக்குக் குடுங்க" என்று கதவைச் சாத்தினார்கள்.

காக்கா பட்டியலைக் கிழித்தெறிந்தார். சைக்கிளில் மூடையை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

"புள்ள, இந்த அரிசி பழுது. மனிசர் தின்ன ஏலா. உங்கட கோழிக்குப் போடுங்க."

மூடைக்குள் பருப்பும் தேயிலையும் பால்மாவும் இருந்தன. "கோழி பால்மா குடிக்குமா காக்கா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"இந்தக் காலத்துக் கோழி தேத்தண்ணி குடிக்காம முட்டையிடுமா?"

தெரு முழுவதும் உண்மையை அறிந்திருந்தது, எவரும் சிரிக்கவில்லை. மூடைகள் குறைந்தன, கண்ணுக்குப் புலப்படாத கோழிகள் பெருகின. மௌலவி மட்டும் ஒருநாள் அவரை நிறுத்தி, "காக்கா, பொய் சொல்லலாமா?" என்றார்.

"பொய் என்ன ஹஸரத்? எனக்குச் சீனி வருத்தம். டொக்டர் சோத்தக் குறைக்கச் சொல்லியிருக்கார். சோறு எனக்குப் பழுதுதானே."

அவரது தந்திரம் சறுக்கியது றசீதாவிடம்தான். அவள் கைத்தறி நெய்பவள். கணவன் பிறர் தோணியில் கூலிக்குப் போகிறவன். நூல் விலை ஏறித் தறி ஓய்ந்த வேளையில் கடலும் கொந்தளிக்க, இரு வருமானமும் ஒருசேர நின்றன. மூன்று வயது மகளை விட்டுவிட்டு வீட்டுவேலைக்கு வெளிநாடு போவதென அவள் முடிவெடுத்திருந்தாள். தரகர் அடுத்த வாரம் கொழும்புக்கு வரச் சொல்லியிருந்தார்.

காக்கா அவள் வாசலில் மூடையை இறக்கினார்.

"எங்கட ஊட்ட கோழி இல்ல காக்கா. எனக்குப் பொய் சொல்லவும் தெரியா. கொண்டு போங்க."

அன்று முழுவதும் அவர் எதையுமே பழுது என்று சொல்லவில்லை. எனக்கு அச்சமாக இருந்தது.

மறுநாட் காலை, கமுக்கட்டில் ஒரு கொழுத்த கோழியோடு அவர் மீண்டும் அவள் வாசலில் நின்றார். மூடையைச் சுமந்தபடி நான் பின்னால் நின்றேன்.

"இது என்ட கோழி. இது கத்துறத்துக்கு என்ட மனிசி என்னை ஏசுறா. நீங்கதான் வளத்துத் தரணும். தீன் என்ட பொறுப்பு."

"நான் அடுத்த கிழமை போறன் காக்கா."

"இதுக்குப் பழகின கை வேணும் புள்ள. நீங்க போனா இது இரை எடுக்காது."

கோழியோ அதற்குள் முற்றத்தில் இறங்கி, ஆர்வமாக இரை எடுத்துக்கொண்டிருந்தது. குழந்தை ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டது. றசீதா கோழியைப் பார்க்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெருநாள் மட்டுக்கும் வெச்சிப் பாக்கன்" என்றாள்.

அந்த ஒற்றைக் கோழிக்காக மாதந்தோறும் மூடை போயிற்று. உலகில் வேறெந்தக் கோழியும் அவ்வளவு பருப்புத் தின்றிராது. பெருநாளுக்கு முன்னே, ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரம் நெய்யும் வேலை வந்தது. தறி மீண்டும் ஒலித்தது. கடவுச்சீட்டு அலுமாரிக்குள் போயிற்று.

சென்ற மாதம் றசீதாவே ஒரு சிறு மூடையோடு எங்கள் களஞ்சியத்துக்கு வந்தாள்.

"காக்கா, இந்த அரிசி பழுது. ஆருடயும் கோழிக்குக் குடுங்க."

காக்கா ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் முகர்ந்தார்.

"ஓம் புள்ள. படு பழுது" என்றபடி மூடையைத் தன் சைக்கிளில் ஏற்றினார்.

முன்பொரு காலம், எனக்குச் சம்பளம் வராத மாதங்களில், எங்கள் வீட்டுக்கும் அவர் கோழித்தீன் கொண்டுவந்தார். நாங்கள் கோழி வளர்த்ததே இல்லை.