பன்றி உறையும் போலீஸ் விசாரணையும்

அன்று காலை பத்து இருபத்தைந்துக்கு என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. கெட்டது அதனால்தான். அதுவரை எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

மகள் செல்வி சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், நேர்காணல் எல்லாவற்றையும் தாண்டியிருந்தாள். மிச்சம் ஒன்றுதான். காவல் நிலையத்திலிருந்து ஓர் ஏட்டையா ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, குடும்பம் எப்படி, நடத்தை எப்படி என்று விசாரித்து எழுதிக்கொண்டு போவார். அவர் ஒரு வரி தப்பாக எழுதினால் அவளுடைய நாலு வருட உழைப்பு போச்சு.

ஒரு வாரமாக வீட்டில் வகுப்பு எடுத்தேன். "போலீஸ்காரவுக கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லணும். பொய் மட்டும் வாயில வரக்கூடாது." மனைவி அமுதா தலையாட்டினாள்.

மதியத்துக்கு மேல் வருவதாக ஏட்டையா போன் செய்திருந்தார். பத்து இருபத்தைந்துக்கு என் கண் அலமாரியில் இருந்த இசைத்தட்டுகள் மேல் விழுந்தது.

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், பஞ்சாலையில் சூப்பர்வைசராக இருந்துகொண்டு, நான் பங்க் இசைத்தட்டு சேர்க்கிறேன். பங்க் என்றால் இரண்டு கிடார், ஒரு டிரம், மீதி கத்தல். பழைய தட்டுகளைச் சேர்த்தாலாவது ரசிகன் என்பார்கள். நான் சேர்ப்பது புதுசு. பெரிய குழுக்களில் காலமெல்லாம் வாசித்து ஓய்ந்த கிழவர்கள், சும்மா இருக்க முடியாமல் பக்கவாட்டில் ஒரு குட்டிக் குழு தொடங்குவார்கள். ஒருவருக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்திருக்கும். இன்னொருவர் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒத்திகைக்கு வருவார். பாட்டு ஒன்றரை நிமிடம். (அதற்கு மேல் மூச்சு வாங்கும், பாவம்.) அரசாங்கம் ஒழிக, முதலாளி ஒழிக, போலீஸ் ஒழிக. அதைக் கலர் கலரான வினைல் பிளாஸ்டிக் தட்டில் முந்நூறு பிரதி மட்டும் போட்டு விற்பார்கள். அந்த ஒழிகவைக் கடல் கடந்து வரவழைத்து, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக் கேட்பவன் நான். (பக்கத்து வீட்டில் ஏதாவது நினைப்பார்களே!) என்னை விடப் பெரிய புரட்சிக்காரன் இருந்தால் காட்டுங்கள்.

கடைசியாக வந்த தட்டின் உறையில், போலீஸ் தொப்பி போட்ட பன்றி ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. எல்லாத் தட்டுகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடைத்து, ஸ்கூட்டரில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறந்தேன். மடவார் வளாகம் பக்கம் பால்கோவாக் கடை வைத்திருக்கும் குருசாமி என் கல்லூரித் தோழன்.

"என்னலே பெட்டி? வெடிகுண்டா?"

"பாட்டுத் தட்டுடா. சாயங்காலம் வரைக்கும் எங்கயாவது பத்திரமா வையி."

பத்திரமாகத்தான் வைத்தான். அட்டைப்பெட்டிகள் நமத்துப்போகாமல் இருக்க, விறகடுப்புக்கு நேர் மேலே பரணில் அடுக்குவது அவன் கடை வழக்கம். எந்தப் பெட்டி வந்தாலும் இடம் அதுதான். கீழே நாலு அடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் கவனிக்காமல் முன்கடையில் உட்கார்ந்து சுடச்சுட பால்கோவா தின்றேன். (ஆபத்திலும் வயிறு தன் கடமையை மறப்பதில்லை.)

பன்னிரண்டு மணிக்கு அமுதாவின் போன்.

"ஏங்க, ஏட்டையா வெள்ளனமே வந்துட்டாக. நீங்க எங்கன்னு கேட்டாக."

"கடைக்குப் போயிருக்காகன்னு சொல்ல வேண்டியதுதான?"

"போலீசு வருதுன்னு ஒரு பெட்டிய ஒளிச்சு வைக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்காகன்னு சொன்னேன்."

"அடிப்பாவி!"

"உள்ளத உள்ளபடி சொல்லச் சொன்னது யாராம்?"

போன் கைமாறியது. "சார், பெட்டியோட வாங்க" என்றது ஓர் அமைதியான குரல்.

பரணிலிருந்து இறக்கும்போதே பெட்டி கொதித்தது. அடுத்து எங்கள் வீட்டில் நடந்ததை விசேஷ வீடுகளில் அமுதா இன்றும் நடித்துக் காட்டுகிறாள். என் வேடம் வரும்போது முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். நானும் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏட்டையா பெட்டியில் மேலாக இருந்த தட்டை உருவினார். அடுப்புச் சூட்டில் அது பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. உறையைத் திருப்பினார்.

"இது என்ன சார்?"

"பன்னிங்கய்யா."

"அது தெரியுது. தலையில?"

"வெயிலுக்கு... தொப்பி."

"இதுல என்னத்தப் பாடுதாக?"

ஒரு வார வகுப்பும் காற்றில் போனது. "சாலைப் பாதுகாப்புங்கய்யா. எல்லாரும் ஹெல்மெட் போடணும்னு..."

"போடுங்க, கேப்போம்."

பிளேயரில் வைத்தேன். ஊசி மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, குதித்தது. பாடகர் கிணற்றில் விழுந்த ஆடு போல அலறினார். ஏட்டையா முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நோட்டில் ஏதோ எழுதினார். மகளின் வேலையை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்த செல்வி, சான்றிதழ் நகல்களோடு உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் சொன்ன விளக்கத்தை ஏட்டையாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ஐயா, அப்பா பயத்துல பொய் சொல்லுதாக. அது போலீஸத் திட்டுற பாட்டு. சின்னப்பிள்ளையில இருந்து இதக் கேட்டுக்கிட்டுத்தான் நான் போலீஸுக்குப் படிச்சேன். எழுதிக்கோங்க."

ஏட்டையா முதல்முறையாகச் சிரித்தார்.

"எழுதுதேன்மா. நான் விசாரிக்க வந்தது உன்னப் பத்தித்தான். நல்லவேள, உங்கப்பாவப் பத்தி இல்ல."