மைக்காரர் பேசிய துருக்கி

திண்டுக்கல்லில் துருக்கி மொழி பேசத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெரு மைக்காரர்தான். தமிழ்நாட்டிலேயே தான் ஒருவர்தான் என்று அவர் சொல்லுவார். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஆனால் நிகழ்காலத்தை மட்டும் கற்றுக்கொண்டு, இறந்தகாலமும் எதிர்காலமும் இல்லாமல், ஓர் அயல் மொழியில் சம்பந்தம் பேசி முடித்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்.

பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்வது அவர் உத்தியோகம். சொந்தப் பெயர் ஆதார் கார்டோடு சரி. அவர் வாயில் எந்தப் பஸ்ஸும் தாமதமானதே கிடையாது. மலைப்பாதையில் டயர் வெடித்து நிற்கும் சிறுமலை பஸ்ஸைக்கூட "வந்துகொண்டிருக்கிறது" என்றுதான் சொல்லுவார். கேட்டால், "அப்பு, நம்பிக்கைதான் பஸ்ஸு, மத்ததெல்லாம் தகரம்" என்பார்.

இவருடைய ஒரே மகன் ஜெரால்டுக்குத் துருக்கியில் இஸ்மிர் என்கிற ஊரில் வேலை. அங்கே எலிஃப் என்கிற பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அந்தப் பெண்ணுக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மா நேரில் வந்து வீட்டையும் மனிதர்களையும் பார்த்துச் சரி என்றால்தான் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. மகன் போனில் கெஞ்சினான்.

"அப்பா, அவங்களுக்குத் துருக்கியத் தவிர ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் நான் பேசிக்கிறேன். நீங்க மட்டும் தயவுசெஞ்சு பேசாம இருங்க."

மைக் பிடிக்கிறவரிடம் போய்ப் பேசாதே என்றால் கேட்பாரா? மறுநாளே செல்போன் வீடியோவில் துருக்கி படிக்க உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரன் என்கிற பாவத்துக்கு நான்தான் சக மாணவன்.

"ரொம்பச் சுளுவு தம்பி. நம்ம தமிழேதான். முன்னாடி வினை, நடுவுல 'யோர்', கடைசியில ஆளு. கெல்னா வா. கெலி-யோர்-உம்னா வாரேன். கெலியோர்சுன்னா வார. கெலியோர்னா வாரான், வாரா, வருது, எல்லாம் ஒண்ணுதான். பஸ்ஸுக்கும் அதே, மனுசனுக்கும் அதே. எம்புட்டு மரியாதை பாரு!"

"அது என்னண்ணே, வர்றதுக்கு கெலி-யோர்னு 'இ' வருது, உட்கார்றதுக்கு மட்டும் ஒத்துரு-யோர்னு 'உ' வருது?"

"அது ஒட்டுற சத்தம். வினையில என்ன சத்தம் இருக்கோ அதுக்குத் தக்கன மாறிக்கிரும். வாக்கப்பட்ட வீட்டுக்குத் தக்கன மருமக இருக்கிற மாதிரி."

உள்ளே வெஞ்சனம் கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பிலோமினா அக்காவிடமிருந்து, "ஆமா, மருமகதான் மாறணும், மாமனாரு மாற மாட்டாரு" என்று குரல் வந்தது. இலக்கண வகுப்பு அத்துடன் கலைந்தது.

இறந்தகாலம் எப்போது படிப்போம் என்று ஒரு நாள் கேட்டேன். "முடிஞ்சதப் பேசி என்ன ஆகப்போகுது? வரப்போறது ஆண்டவர் கையில. நடுவுல இருக்கிறது நமக்குப் போதும்" என்று இரண்டு காலங்களையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டார்.

பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பஸ் ஸ்டாண்ட். நல்ல கூட்ட நேரத்தில், "நிலக்கோட்டை ஓட்டோபூஸ் கெலியோர்!" என்று மைக்கில் முழங்கினார். பூ மூட்டையோடு நின்ற ஒரு பெண், "ஏலே, புதுசா ஏதோ ஊருக்கு பஸ் விட்டுருக்காகடோய்" என்றது எனக்கே கேட்டது. நிலக்கோட்டை பஸ் வந்து, காலியாகப் போயிற்று. மேலதிகாரி விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். அதற்கும் துருக்கியில் பதில் எழுதுவேன் என்று நின்றவரைத் தடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

ஒருவழியாக ஜெரால்டு அந்த அம்மாவை அழைத்து வந்தான். அவர் பெயர் நெர்மின்; எங்களுக்கு நெர்மின் அம்மா. நல்ல உயரம், அதிகம் சிரிக்காத முகம். வந்த நிமிடத்திலிருந்து மைக்காரர் தன் அறிவிப்பைத் தொடங்கிவிட்டார். அந்த அம்மா உட்கார்ந்தால் "ஒத்துருயோர்சுன்!" என்பார். உட்காருகிறாய் என்று அர்த்தம். டீ குடித்தால் "சாய் இச்சியோர்சுன்!" மலைவாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்தால் "யியோர்சுன்!" அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை அவருக்கே அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பாதி வாழைப்பழத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரால்டு தலையில் கை வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் மைக்காரர் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "கெலியோரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிறேன் என்றாரே, இப்போதே வந்துவிடுவார் என்று நெர்மின் அம்மா அவருக்கும் சேர்த்து டீ ஊற்றி வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இவர் வீடு திரும்பியது சாயங்காலம்.

"போறப்ப கிதியோரும்னு சொல்லணும்ப்பா. போறேன்னு அர்த்தம்."

"வாசல்ல நின்னு போறேன்னு எவன்டா சொல்லுவான்? நான் என்ன திரும்பி வராமயா போறேன்? கெலியோரும்தான். அதுல மாத்தமே இல்ல."

ஜெரால்டு அந்த அம்மாவிடம் என்னவோ விளக்கினான். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். முகத்தில் சரியும் இல்லை, இல்லை என்பதும் இல்லை.

ஊர் திரும்பும் நாளும் வந்துவிட்டது. அன்று காலை வரை சம்மதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிலோமினா அக்கா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. எதற்கும் அசராத மைக்காரரே சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தாராம். அந்த அம்மா விமானத்துக்குக் கிளம்புவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று என் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல "கெலியோரும்" என்றார். குரலில் சுரத்தே இல்லை.

பைக் நகர்ந்ததும் பின்னால் சளக்கென்று சத்தம். திரும்பினால், நெர்மின் அம்மா ஒரு செம்புத் தண்ணீரை எங்கள் பின்னால் ரோட்டில் வீசி ஊற்றியிருக்கிறார். காலி செம்பு கையில்.

"ஐயோ மாதாவே!" என்று பிலோமினா அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நம்மளத் தலை முழுகிட்டாகளே!"

நான் பிரேக்கைப் பிடித்தேன். பிணம் எடுத்த வீட்டில்தான் இப்படித் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். மைக்காரர் பைக்கிலிருந்து இறங்கி நின்றார்.

எங்கள் முகங்களைப் பார்த்து அந்த அம்மாவும் பதறிவிட்டார். மைக்காரருக்குப் புரிகிற பாஷை எது என்று அவருக்கு இதற்குள் தெரிந்திருந்தது. ரோட்டைக் காட்டி, நிதானமாக, "கிதியோர்சுன்" என்றார். போகிறாய். பிறகு வீட்டு வாசலைக் காட்டி, "கெலியோர்சுன்" என்றார். வருகிறாய்.

பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்த ஜெரால்டு தண்ணீரையும் செம்பையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். "அப்பா, இது அவங்க ஊரு வழக்கம். வீட்டு ஆளுங்க வெளிய கிளம்புனா பின்னாடி தண்ணி ஊத்துவாங்க. தண்ணி மாதிரி தடையில்லாமப் போயிட்டு வரணும்னு."

"யாருக்கு ஊத்துவாக?"

"சொன்னேன்லப்பா, வீட்டு ஆளுங்களுக்கு."

மைக்காரர் ஈர ரோட்டின் மேலேயே திரும்பி நடந்து வந்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "அன்லியோரும்" என்றார். புரிகிறது என்று பொருள். அதற்குமேல் அவரால் முடியவில்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நெர்மின் அம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

கல்யாணம் முடிந்து, இப்போது இஸ்மிரில் ஒரு பேத்தியும் பிறந்துவிட்டாள். போன வாரம் மைக்காரரும் அக்காவும் அவளைப் பார்க்கக் கிளம்பினார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் வருவார்களாம். இந்த மனிதரின் சத்தம் இல்லாமல் எங்கள் தெருவில் எப்படிப் பொழுது போகும் என்று எனக்குத் தெரியவில்லை. காரில் ஏறும்போது என்னைப் பார்த்து "கெலியோரும் தம்பி" என்றார். ஒரு செம்புத் தண்ணீர் போதும் என்பது எனக்கும் தெரியும். நான் ஒரு குடம் ஊற்றினேன்.